கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் பல வீடுகளில் ஒரே கோரிக்கை: "கேம் லேக் அடிக்குதுப்பா, கிராபிக்ஸ் கார்டு மாத்தணும், இருபத்தஞ்சாயிரம் ஆகும்." கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் அந்தக் கார்டுக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று பெற்றவர்களுக்குத் தெரிவதில்லை. கேட்கிற பிள்ளைக்கும் யூடியூபில் பார்த்த மாடல் பெயரைத் தாண்டிப் பெரிய கணக்கு இருப்பதில்லை. எந்தக் கார்டு நல்லது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இப்போது கார்டுதான் தேவையா என்று யாரும் பார்ப்பதில்லை. அதை ஒரு சாயங்காலத்தில், காசு செலவில்லாமல் கண்டுபிடித்துவிடலாம். அதைச் சொல்லவே இக்கடிதம்.

பேச்சு பொதுவாகப் போகாமல் இருக்க ஒரு கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வோம். ஊரடங்கு காலத்தில் ஆன்லைன் வகுப்பையும் கேமையும் மனதில் வைத்து அசெம்பிள் செய்த ரகம்: இன்டெல் கோர் ஐ5-10400எஃப் பிராசஸர், ஒரே குச்சியாக 8 ஜிபி ரேம், 4 ஜிபி மெமரியுள்ள என்விடியா ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி மானிட்டர், கேபினட்டோடு சேர்ந்து வந்த, பெயர் தெரியாத '450 வாட்' எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை). நம்மூரில் இந்த மாதிரிப் பெட்டிகள் ஏராளம்.

முதலில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். எந்த நிறுவனத்தின் கார்டிலும் அது ஓடும். கூடவே வரும் ரிவாடியூனரையும் சேர்த்து நிறுவ வேண்டும். கேம் ஓடும்போதே திரை ஓரத்தில் கார்டின் பயன்பாட்டு சதவீதம், கார்டின் வெப்பம், கார்டு மெமரி, பிராசஸரின் ஒவ்வொரு த்ரெட்டின் (பிராசஸர் ஒரே நேரத்தில் இழுக்கும் வேலைத் தடம்) பயன்பாடு, மொத்த ரேம், பிரேம் எண்ணிக்கை (நொடிக்கு எத்தனை படம்), ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரத்தின் வரைபடம் எல்லாம் தெரியும்படி டிக் செய்யுங்கள். கேமின் செட்டிங்கில் வி-சிங்க்கையும் (மானிட்டரின் வேகத்தோடு பிரேமைக் கட்டிப்போடும் வசதி) பிரேம் வரம்பையும் நிறுத்திவிட்டு, வழக்கமாக எங்கே திணறுகிறதோ அதே இடத்தில் இருபது நிமிடம் ஆடச் சொல்லுங்கள்.

கார்டின் பயன்பாடு விடாமல் 95 முதல் 99 சதவீதத்தில் நின்றால் கார்டு முழு மூச்சில் ஓடுகிறது, அதற்கு மேல் அதனால் முடியாது என்று பொருள். கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருக்க, பிராசஸரின் ஒன்றிரண்டு த்ரெட்டுகள் மட்டும் 100-ஐத் தொட்டால், கார்டின் மேல் தப்பில்லை. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 10400எஃப்-இல் 12 த்ரெட்டுகள் உண்டு. ஒரு த்ரெட் முழுதாக நிரம்பி மூச்சு முட்டினாலும் மற்ற த்ரெட்டுகள் அரைகுறையாக ஓடுவதால், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மொத்தக் கணக்கு 40 சதவீதம் போலத்தான் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "சிபியு ஃப்ரீயாத்தான் இருக்கு, கார்டுதான் பத்தல" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை பெரும்பாலும் பிராசஸரை நம்பி ஓடுபவை. அவற்றுக்காகக் கார்டு மாற்றினால் கைக்காசு போனதுதான் மிச்சம்.

சந்தேகம் தீரவில்லையென்றால் இன்னொரு சோதனை. கேமின் ரெசல்யூஷனை 1920க்கு 1080-இலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பாருங்கள். பிரேம் சட்டென்று ஏறினால் கார்டுதான் முட்டுக்கட்டை. அசையவே இல்லையென்றால் பிராசஸர் அல்லது ரேம்.

ரேமை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே குச்சியில் 8 ஜிபி என்றால் விண்டோஸ், பிரவுசர், டிஸ்கார்ட் எல்லாம் போக இன்றைய கேமுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். ரேம் 7.5 ஜிபியைத் தாண்டி ஹார்டு டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறதா? அந்தத் திணறலுக்கு எந்தக் கார்டும் மருந்தாகாது. அதே அளவு, அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி சேர்த்தால் இடமும் கூடும், இரண்டு குச்சியிலும் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் டூயல் சேனலும் வேலை செய்யும். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் பெரும்பாலான போர்டுகளில் டூயல் சேனல் வராது. முன்பு இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்த வேலை இது. 2025 இறுதியிலிருந்து மெமரி தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கு ஒதுக்கீட்டைத் திருப்பிவிட்டதால் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஆனாலும் கார்டை விட மலிவுதான். இந்தப் பெட்டியில் உள்ள டிடிஆர்4 வகை ரேமைப் பொறுத்தவரை செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயங்க வேண்டாம். ரேம் அவ்வளவு சீக்கிரம் தேயும் பொருள் இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளை ஒருமுறை முழுதாக ஓட்டிப் பிழை வரவில்லையென்றால் போதும்.

வெப்பம் இன்னொரு காரணம். சித்திரை வெயிலில் மாடி அறையில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடும் கார்டு 83 டிகிரியைத் தாண்டினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடுகிற கேம் மத்தியானம் திணறுகிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள். கையடக்க புளோயரால் தூசியை ஊதுங்கள், ஊதும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் பிடிக்க வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீர் வரும். நான்கைந்து வருடம் ஓடிய கார்டுக்குச் சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பசையை மாற்றினால் பல டிகிரி இறங்கும். செலவு சில நூறு ரூபாய்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 படம்தான் காட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். ஏற்கெனவே நிலையாக 60 பிரேம் வருகிற கேமில் புதுக் கார்டு 120 கொடுத்தாலும் கண்ணுக்குத் தெரிவது 60தான். போட்டி ஆட்டக்காரர்களுக்கு மவுஸ் அசைவு கொஞ்சம் சீக்கிரம் திரைக்கு வரும், அவ்வளவே.

இத்தனையும் பார்த்த பிறகும் கார்டு 99 சதவீதத்தில் நிற்கிறது, அதன் 4 ஜிபி மெமரி விளிம்பு வரை நிரம்பி, பிரேம் நேர வரைபடம் ரம்பப் பல்லைப் போலக் குதிக்கிறது என்றால், அது நியாயமான காரணம். அப்போதும் கடைக்குப் போகுமுன் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) 'ஹை'யிலிருந்து 'மீடியம்' ஆக்கி, நிழலையும் மூடுபனி வகை எஃபெக்டுகளையும் ஒரு படி குறைத்து, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் எஃப்எஸ்ஆர் வசதி இருந்தால் 'குவாலிட்டி'யில் வைத்துப் பாருங்கள். எஃப்எஸ்ஆரின் 3 வரையிலான பதிப்புகள் பழைய ஜிடிஎக்ஸ் கார்டிலும் வேலை செய்யும். அதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கு மட்டும். இன்னும் ஒரு வருடம் ஓட்ட இதுவே போதுமான வீடுகள் உண்டு.

இனி, வாங்கியே தீர வேண்டும் என்றானவர்களுக்கு. கார்டின் விலையைப் பார்ப்பதற்கு முன் கேபினட்டின் பக்கவாட்டைத் திறந்து எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் '450'-ஐ விட்டுவிட்டு, கீழே உள்ள கட்டத்தில் 12 வோல்ட் என்ற இடத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பெயர் தெரியாத எஸ்எம்பிஎஸ் என்றால் பல சமயம் 18 ஆம்பியர் போலத்தான் இருக்கும். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட். அதன் உண்மையான பலம் அவ்வளவுதான். நல்ல நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த எண் 35 ஆம்பியர் சுற்றில் இருக்கும். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான்.

ஜிடிஎக்ஸ் 1650 மொத்தமே 75 வாட் கார்டு. மதர்போர்டு ஸ்லாட்டே அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும் என்பதால், அதன் பல மாடல்களில் தனி மின் இணைப்பே கிடையாது. அதனால்தான் மோசமான எஸ்எம்பிஎஸ்ஸிலும் இத்தனை வருடம் தாக்குப்பிடித்தது. ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட், 8 பின் இணைப்பு ஒன்று வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 170 வாட். பிராசஸர், போர்டு, டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் 6600 வைத்த பெட்டி 250 வாட்டைத் தொடும். நொடிக்கும் குறைவான நேரத்துக்கு அதற்கு மேலும் குதிக்கும். 216 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் என்ன நடக்கும்? டெஸ்க்டாப் நன்றாக வரும், படம் ஓடும். கேமில் வெடிச் சத்தம் கேட்கிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்து மறுபடி எழும். "கார்டு டிஃபெக்ட்" என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டினால் ஒரு குறையும் இருக்காது.

8 பின் கேபிள் இல்லையே என்று கேட்டால், இரண்டு பழைய மோலெக்ஸ் இணைப்புகளைச் சேர்த்து 8 பின்னாக மாற்றும் ஒயரை சில கடைகளில் நூறு ரூபாய்க்குக் கொடுப்பார்கள். அதை வாங்கவே வாங்காதீர்கள். கேபிளே இல்லாத எஸ்எம்பிஎஸ் என்றால் அந்தப் பளுவுக்கு அதைத் தயாரிக்கவில்லை என்றுதான் அர்த்தம். மெல்லிய ஒயரும் தளர்ந்த பின்னும் சூடேறிப் பிளாஸ்டிக் உருகும், சில சமயம் போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

ஆக, பட்ஜெட் இருபத்தைந்தாயிரம் என்றால் அதில் சுமார் நாலாயிரத்தை 80 பிளஸ் பிரான்ஸ் என்ற மின்திறன் தரச்சான்றுள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். கார்டுக்கு மிஞ்சுவது இருபத்தோராயிரம். வீட்டில் 600 விஏ யுபிஎஸ் இருந்தால் அதன் தாங்குதிறன் பொதுவாக 360 வாட். 6600, மானிட்டர், எஸ்எம்பிஎஸ்ஸின் உள்இழப்பு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய விளிம்புக்கு வந்துவிடும்; கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் கூவிவிட்டு அணைந்தால் ஆச்சரியப்படாதீர்கள். மின்கட்டணம் பெரிய கவலையில்லை. 75 வாட்டிலிருந்து 132 வாட்டுக்குப் போனால், தினம் மூன்று மணி நேர ஆட்டத்துக்கு இரண்டு மாத பில்லில் பத்து யூனிட்தான் கூடும். ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் வீடு மட்டும் யோசித்துக்கொள்ளட்டும்.

கடைகளில் 'ரீஃபர்பிஷ்டு' என்று விற்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி புரோடெஸ்க் போன்ற அலுவலகப் பெட்டிகள் வேறு கதை. அவற்றில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் இணைப்பு அந்தந்த நிறுவனத்துக்கே உரியது. வெளிக்கடை எஸ்எம்பிஎஸ் நேரடியாகப் பொருந்தாது. ஒல்லியான மாடலென்றால் பாதி உயரக் கார்டுதான் உள்ளே நுழையும். 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத் தவிர வழியில்லை. நான்காம் தலைமுறை ஐ5 என்றால் நான்கே த்ரெட்டுகள், பிராசஸரே முன்னால் வந்து குறுக்கே நிற்கும். அந்தப் பெட்டியில் பெரிய பணம் போடாதீர்கள்.

அடுத்து, பெயர்க் குழப்பம். ஆர்டிஎக்ஸ் 3050 என்ற பெயரில் இரண்டு கார்டுகள் கடையில் உண்டு. 2022-இல் வந்தது 8 ஜிபி, 2560 கோர் (கணக்குப் போடும் அலகு), 128 பிட் மெமரிப் பாதை, 130 வாட். 2024-இல் வந்தது 6 ஜிபி, 2304 கோர், 96 பிட், 70 வாட். இரண்டாவதற்கு மின் இணைப்பு தேவையில்லை என்பது வசதிதான், ஆனால் வேகம் தெளிவாகக் குறைவு. 2019-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1660 சூப்பரே அதை முந்தும். பில்லில் வெறுமனே '3050' என்று இருந்தால் எது வந்தது என்று வீட்டுக்கு வந்துதான் தெரியும். அதேபோல 'ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி' என்று மலிவாக வருவது, உண்மையான 580-இன் 2304 கோருக்குப் பதிலாக 570-இன் 2048 கோரைக் கொண்டது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மதர்போர்டோடு நான்கே லேன்களில் (தரவு போகும் பாதைகள்) பேசும். அந்தப் பாதைகளின் வேகத்தில் 10400எஃப் பிராசஸர் பழைய பிசிஐஇ 3.0 தலைமுறையோடு நின்றுவிடும் என்பதால், அந்தக் கார்டு இதில் பாதி வழியிலேயே நெரிசலில் மாட்டிக்கொள்ளும். 6600-க்கு எட்டு லேன்கள். பழைய போர்டிலும் இழப்பு சொற்பம்.

இன்டெல் ஆர்க் பி580-இல் 12 ஜிபி மெமரி என்று ஆசை காட்டுவார்கள். நல்ல கார்டுதான், புதிய பிராசஸரோடு. கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரேயடியாக எட்டும் ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) இல்லாவிட்டால் அது நொண்டும். அந்த வசதி இருந்தாலும், பழைய ஆறு கோர் பிராசஸர்களில் அதன் டிரைவர் பிராசஸரை அதிகம் பிழிவதால் சொன்ன வேகம் வராது. நம் எடுத்துக்காட்டுப் பெட்டிக்கு அது வேண்டாம்.

இந்தப் பெட்டிக்கு எங்கள் தீர்ப்பு: முதலில் இரண்டாவது ரேம் குச்சி. அதன்பின்னும் தேவைப்பட்டால் எஸ்எம்பிஎஸ்ஸும் 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600-உம். 1650-ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும். 3050 6 ஜிபிக்கு மாறினால் கிடைக்கும் முன்னேற்றம் அதில் பாதிகூட இல்லை. காசு மிச்சமாவது மாதிரி தெரிந்தாலும் ஒரு வருடத்தில் மறுபடி அதே பேச்சு வரும். 6600-க்கும் ஒரு குறை உண்டு. ஏஎம்டி 2025 இறுதியில் 5000, 6000 வரிசைகளின் டிரைவரைத் தனிக் கிளையாகப் பிரித்துவிட்டது. புது வசதிகள் இனி 9000 வரிசைக்கே முதலில் போகும். நாற்பதாயிரம் வரை போகிறவர்கள் கார்டை மட்டும் பெரிதாக்காமல் பிராசஸரையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

"படிப்புக்கும் வேணும்" என்று பிள்ளை சொன்னால், எந்தப் பாடத்துக்கு என்று கேளுங்கள். ஏஐ, மெஷின் லேர்னிங் படிப்பவர்களுக்கு என்விடியா கார்டுகளில் மட்டும் ஓடும் கூடா (CUDA) மென்பொருள் தளம் தேவைப்படும். அப்போது 6600-ஐ விட 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 பொருத்தம். செமஸ்டர் பயிற்சிகள் மட்டும் என்றால் இணையம் வழியாகவே கார்டைப் பயன்படுத்தக் கொடுக்கும் கூகுள் கொலாப் இலவசமாகவே கிடைக்கிறது. பாடம் சி++, ஜாவா என்றால் கார்டுக்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை.

செகண்ட் ஹேண்ட் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் (1050 டிஐ, 1060, 1070, 1080) எதையும் இனி வாங்க வேண்டாம். 2025 அக்டோபரோடு புது கேம்களுக்கான டிரைவர் நின்றுவிட்டது, இனி பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேம், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டும் ரே டிரேசிங் (ஒளியின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரைதல்) வசதியுள்ள கார்டு இல்லாமல் ஓடாது. ஆகவே 1660 சூப்பரும் இவற்றுக்கு உதவாது. இவற்றுக்குக் குறைந்தபட்சமாகச் சொல்லப்படுவது ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். 2022 செப்டம்பரில் கிரிப்டோ நாணயமான எத்தீரியம், கார்டுகளை ஓட்டி நாணயம் ஈட்டும் மைனிங் முறையைக் கைவிட்டதும் ராப்பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை, சோதிக்காமல் வாங்கக் கூடாது.

சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, ஆன்லைன் விளம்பரத்தில் பார்த்தவர் வீடானாலும் சரி, விற்பவரின் கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர் எண்ணிக்கையும் மெமரியும் மாடலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். கார்டுக்குள் உள்ள பயாஸை மாற்றிப் பெயர் திருத்திய பழைய கார்டாக இருந்தால் பல சமயம் போலி என்றே ஜிபியு-இசட் காட்டிக்கொடுக்கும். கார்டை முழுப் பளுவில் ஓட்டிச் சோதிக்கும் ஃபர்மார்க் மென்பொருளைப் பதினைந்து நிமிடம் ஓட்டி, சாதாரண வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் அதிகம் சூடான இடம்) வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். 30 டிகிரிக்கு மேல் போனால் பேஸ்ட் காய்ந்திருக்கிறது அல்லது ஹீட்சிங்க் சரியாக உட்காரவில்லை. ஃபர்மார்க் கார்டின் மெமரியை நிரப்புவதில்லை என்பதால், கனமான கேம் ஒன்றையும் பத்து நிமிடம் ஓட்டுங்கள். திரையில் வண்ணப் புள்ளிகள், கட்டங்கள் தோன்றினால் மெமரி போகிறது. அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் ஒவ்வொன்றிலும் கேபிளைச் சொருகிப் பாருங்கள். திருகுத் தலைகள் கீறியிருந்தாலோ, சிப்பைச் சுற்றி சால்டரிங்குக்குப் பூசும் ஃபிளக்ஸின் வெளிறிய கறை படிந்திருந்தாலோ, அது சூடுகாட்டிப் பிழைக்கவைத்த கார்டு, எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. வாரண்டி இல்லாத கார்டுக்குப் புது விலையில் பாதிக்கு மேல் கொடுப்பது நியாயமில்லை.

மாட்டுவது கடினமான வேலை இல்லை. கார்டின் நீளத்தை மில்லிமீட்டரில் பார்த்துக் கேபினட்டில் முன் ஃபேன் வரை அளந்துகொள்ளுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டிக்கு மாறுகிறவர்கள் இன்டர்நெட்டைத் துண்டித்து, விண்டோஸின் சேஃப் மோடில் டிடியு (DDU) என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளால் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் பிறகு அணைக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, ஸ்லாட்டின் கொக்கியை விடுவித்த பிறகே கார்டை இழுங்கள்; கொக்கி உடைவது இங்கேதான். கடைசியில் மானிட்டர் கேபிளைக் கார்டில் சொருகுங்கள். 10400எஃப் போன்ற 'எஃப்' வகைப் பிராசஸரில் உள்கிராபிக்ஸ் கிடையாது, போர்டில் சொருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். மற்ற பிராசஸர்களில் படம் வந்துவிடும், ஆனால் புதுக் கார்டு சும்மா தூங்கும்.

உங்கள் நாளிதழ் வழியாகக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 'கிராபிக்ஸ் கார்டு - 1' என்று பில் எழுதாதீர்கள். நிறுவனம், மாடல், மெமரி அளவு, சீரியல் எண் நான்கும் பில்லில் வரட்டும். வாங்குகிறவர்களும், பில் வேண்டாமென்றால் இரண்டாயிரம் குறைக்கிறோம் என்ற பேச்சுக்கு மசியாதீர்கள். 18 சதவீத ஜிஎஸ்டியோடு போட்ட அந்தத் தாள் இல்லாவிட்டால், பல கார்டுகளுக்குத் தரும் மூன்று வருட வாரண்டியைச் சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்குவது பெரும்பாடு. பணம் கொடுக்கும் முன் அட்டைப் பெட்டியிலும் கார்டின் முதுகிலும் பில்லிலும் உள்ள சீரியல் எண்கள் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கணினி சர்வீஸ் தொழில் செய்யும் வாசகர்கள்,
திண்டுக்கல்.